மருத்துவர் பதில்கள்: மைலோமாவும் ஸ்டெம் செல் சேகரிப்பும்

மல்டிபிள் மைலோமா என்னும் எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயைப் பற்றிச் சென்ற மாதம் இந்தப் பகுதியில் எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில், சொல்லிவைத்தாற்போல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்தவையே அதிகம். முதற்கட்ட மருந்துகள் முடிந்து, வேலூரிலோ சென்னையிலோ பெங்களூரிலோ ‘அடுத்து ஸ்டெம் செல் எடுக்க வேண்டும்’ என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் எழுதிய கடிதங்கள் அவை. மஜ்ஜையில் இருந்துகொண்டு ரத்த அணுக்களை உருவாக்கும் தாய்ச் செல்கள்தான் ஸ்டெம் செல்கள். ஆகவே இம்மாதம் முழுவதையும் அந்த ஒரு விஷயத்துக்கே ஒதுக்கியிருக்கிறேன். எழுதியவர்களின் பெயரைத் தவிர்த்து ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

கேள்வி: என் தந்தைக்கு வயது 57. தக்காளியும் மல்பெரியும் பயிரிடும் விவசாயி. மைலோமாவுக்கு நான்கு சுற்று மருந்து முடிந்து, நோய் நன்றாகக் கட்டுப்பட்டிருப்பதாகச் சொல்கிறார்கள். அடுத்த மாதம் அவருடைய ஸ்டெம் செல்லை எடுத்து, பிறகு அதையே அவருக்குத் திரும்ப ஏற்றப் போகிறார்களாம். அவர் உடம்பிலிருந்து எடுத்ததை அவருக்கே ஏற்றினால் நோய் எப்படிக் குறையும்? நோயும் சேர்ந்து திரும்பி வந்துவிடாதா? நானோ தம்பியோ தானம் கொடுக்க வேண்டாமா? முதுகெலும்பில் துளை போட்டு எடுப்பார்கள் என்று உறவினர்கள் சொன்னதிலிருந்து அப்பா சரியாகத் தூங்குவதில்லை.
வாசகி, பாலக்கோடு

பதில்: நீங்கள் முதலில் கேட்டிருக்கும் கேள்விதான் மையமானது. அதற்கு விடை தெரிந்துவிட்டால் மற்றவை எளிதாகிவிடும். ஸ்டெம் செல் மைலோமாவுக்கு மருந்து அல்ல. மருந்து, மெல்ஃபலான் என்னும் கீமோ. குறைந்த அளவில் ஓரளவே பயன் தரும் இந்த மருந்தை மிக அதிக அளவில் கொடுத்தால் மைலோமா செல்கள் பெருமளவில் அழிகின்றன என்பதை இங்கிலாந்தின் ராயல் மார்ஸ்டன் மருத்துவமனையைச் சேர்ந்த மெக்எல்வைன், பவுல்ஸ் ஆகிய மருத்துவர்கள் 1983-இல் வெளியிட்டார்கள். ஆனால் அத்தனை மருந்து ரத்தத்தை உற்பத்தி செய்யும் மஜ்ஜையையும் சேர்த்தே அழிப்பதால், வெள்ளையணுவும், பிளேட்லெட் எனப்படும் தட்டணுவும் வாரக்கணக்கில் எழும்பாமல், நோய்த்தொற்றும் ரத்தக்கசிவும் உயிருக்கே ஆபத்தாக முடிந்தன. அந்த ஆபத்தைக் கடப்பதற்காகத்தான் செல்லை முன்கூட்டியே எடுத்து வைக்கிறோம். உங்கள் தந்தைக்குப் புரியும்படி சொல்வதானால், நிலம் முழுவதும் களைக்கொல்லி அடிப்பதற்கு முன்னால் வேண்டிய நாற்றைப் பிடுங்கிப் பத்திரப்படுத்திவிட்டு, மருந்தின் வீரியம் அடங்கியதும் எடுத்து நடுவதைப் போன்றது இது. உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 200 மி.கி. என்பது இன்று வழக்கமாகக் கொடுக்கப்படும் அளவு. சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு 140 மி.கி. ஆகக் குறைப்பார்கள். மெல்ஃபலான் கொடுத்த ஓரிரு நாட்களில், அது உடம்பை விட்டு வெளியேறிய பிறகு, சேகரித்த செல்களை நரம்பு வழியாக ஏற்றுவார்கள். அவை தாமாகவே மஜ்ஜையைத் தேடிச் சென்று குடியேறி, ஏறத்தாழ 10 முதல் 14 நாட்களில் வெள்ளையணுக்களை உற்பத்தி செய்யத் தொடங்கும்.

எடுக்கும் செல்களோடு சில மைலோமா செல்களும் பைக்குள் வரக்கூடும் என்பது உண்மையே. அவற்றைப் பிரித்து நீக்கிவிட்டு ஏற்றியும் பார்த்திருக்கிறார்கள். அதனால் நோயாளிகளின் ஆயுள் கூடவில்லை என்பதால் அந்த முறை வழக்கத்துக்கு வரவில்லை. நோய் பின்னாளில் தலைதூக்குமானால், அதற்குக் காரணம் பெரும்பாலும் மருந்துக்குத் தப்பி உடம்பிலேயே தங்கிவிட்ட செல்கள்தான். இந்தச் சிகிச்சை மைலோமாவை வேரோடு எடுப்பதில்லை, நோய் அடங்கியிருக்கும் காலத்தை நீட்டித் தருகிறது என்பதையும் உங்கள் தந்தையிடம் மறைக்காமல் சொல்லிவிடுவதே நல்லது. இன்னொருவரிடமிருந்து செல் பெறுவதில், புதிய செல்கள் நோயாளியின் உடம்பையே அந்நியமாகக் கருதித் தாக்கும் ஆபத்து உண்டு என்பதால், மைலோமாவில் அது மிக அரிதாகவே செய்யப்படுகிறது. நீங்களும் தம்பியும் ஸ்டெம் செல் கொடுக்க வேண்டியதில்லை. பிற்பாடு தட்டணு தானம் தேவைப்படும்போது உங்களுக்கு வேலை இருக்கிறது.

அடுத்து, துளை. முதுகெலும்பை யாரும் தொடப் போவதில்லை. நோயைக் கண்டறிவதற்காக இடுப்பெலும்பில் ஊசி செலுத்தி மஜ்ஜையைச் சோதித்திருப்பார்கள். உறவினர்கள் அதையும் இதையும் குழப்பிக்கொண்டிருக்க வேண்டும். இப்போது நடக்கப் போவது ரத்தத்திலிருந்து எடுப்பது. மஜ்ஜைக்குள் தங்கியிருக்கும் ஸ்டெம் செல்களை ரத்த ஓட்டத்துக்குள் இறங்கி வரச் செய்வதற்காக, ஜி.சி.எஸ்.எஃப். என்று மருத்துவமனைகளில் சொல்லப்படும் ஃபில்கிராஸ்டிம் ஊசியை, வயிற்றிலோ கையிலோ தோலுக்கடியில், நான்கைந்து நாட்கள் போடுவார்கள். எடையில் ஒரு கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் என்பது வழக்கமான கணக்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 600 மைக்ரோகிராம் வரும். வீட்டிலிருந்தபடியே அதைப் போட்டுக்கொள்ள அனுமதிக்கும் மருத்துவமனைகளும் உண்டு. அப்படி அனுப்பினால், ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து, ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். ஃப்ரீசரில் வைத்துவிடக் கூடாது, குலுக்கவும் கூடாது. நாள்தோறும் ஒரே நேரத்தில் போடுவதும் முக்கியம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டால், ஞாயிற்றுக்கிழமை அன்று அலைய வேண்டியிராது.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ ரத்தத்தில் ‘சி.டி.34 கவுண்ட்’ என்ற பரிசோதனை செய்வார்கள். ஸ்டெம் செல்களை அவற்றின் மேற்பரப்பில் உள்ள சி.டி.34 என்ற அடையாளத்தைக் கொண்டு எண்ணுவது அது. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 10-க்குக் கீழே இருந்தால் இயந்திரத்தில் உட்கார வைப்பதில் பயன் குறைவு; 20-க்கு மேல் இருந்தால் தயக்கமின்றித் தொடங்கலாம். ஒரு கையிலிருந்து ரத்தத்தை எடுத்து, இயந்திரத்துக்குள் சுழற்றி, எடைக்கேற்ப அடுக்கடுக்காகப் பிரியும் அணுக்களில் ஸ்டெம் செல் உள்ள மெல்லிய அடுக்கை மட்டும் தனிப் பையில் சேர்த்துவிட்டு, மீதியை மறு கை வழியாகத் திருப்பி அனுப்புவார்கள். கீமோ ஏற்றி ஏற்றி நரம்பு சுருங்கிப் போனவர்களுக்குக் கழுத்திலோ தொடையிலோ, டயாலிசிஸ் நோயாளிகளுக்குப் போடுவது போன்ற தடிமனான குழாய் ஒன்றைப் போட நேரும். உள்ளபடியே வலிக்கும் பகுதி அது ஒன்றுதான். அதையும் மரத்துப் போகும் ஊசி போட்டுத்தான் செய்வார்கள். வயலில் உழைத்தவரின் கை நரம்புகள் பெரும்பாலும் கைகொடுக்கும் என்பதால், குழாய் இல்லாமலே முடியுமா என்று தயங்காமல் கேளுங்கள்.

ஒரு முறை உட்கார்ந்தால் நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும். 10 முதல் 15 லிட்டர் ரத்தம் இயந்திரத்தின் வழியே போய் வருகிறது என்று கேட்டால் யாருக்கும் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் இருக்கும் ரத்தமே திரும்பத் திரும்பச் சுற்றி வருவதுதான் அது. எந்த ஒரு கணத்திலும் உடம்புக்கு வெளியே இருப்பது ஏறக்குறைய ஒரு தம்ளர் அளவுதான். ஊசி குத்திய கையை மடக்கக் கூடாது, நடுவில் எழுந்து போகவும் முடியாது. உட்காருவதற்கு முன் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்வதும், முன்பக்கம் பொத்தான் வைத்த தளர்வான சட்டையை அணியச் சொல்வதும் இதனால்தான். வெளியே போய்வரும் ரத்தம் குளிர்ந்துவிடுவதால் நடுக்கம் வரலாம். ஒரு கம்பளியைக் கையோடு கொண்டு போங்கள். முந்தைய நாள் இரவு எண்ணெய்ப் பலகாரமும் கறிக்குழம்பும் வேண்டாம், கொழுப்பேறிய ரத்தத்தில் அடுக்குகள் தெளிவாகப் பிரிவதில்லை. முடிவில், 200, 300 மில்லிலிட்டர் அளவில் செந்நிறத் திரவம் நிறைந்த ஒரு சிறிய பையைப் பார்ப்பீர்கள். இவ்வளவுதானா என்று பலரும் கேட்பதுண்டு.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியர், வயது 63. மைலோமாவுக்காக எட்டு மாதம் லெனலிடோமைட் மாத்திரை சாப்பிட்ட பிறகு ஸ்டெம் செல் எடுக்க அனுப்பினார்கள். முதல் நாள் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 9 லட்சம் செல்தான் கிடைத்தது, விலை அதிகமான வேறு ஊசி போட்டு மறுநாள் மீண்டும் எடுக்க வேண்டும் என்று சொல்லி எடுத்தார்கள்; அன்று 16 லட்சம் கிடைத்தது. என் உடம்பில் சத்து இல்லாததுதான் காரணமா? மாதுளையும் பேரீச்சையும் முன்பே சாப்பிட்டிருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்குமா? இந்த அளவு போதுமா?
வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: போதும், ஐயா. இரண்டு நாட்களின் எண்ணிக்கையையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். கிலோவுக்கு 20 லட்சம் என்பது குறைந்தபட்ச வரம்பு. உங்களுக்கு 25 லட்சம் சேர்ந்திருக்கிறது. 40, 50 லட்சம் கிடைத்தால் தட்டணு விரைவாக எழும்பும் என்பதால் மருத்துவர்கள் அதை விரும்புவார்கள், அவ்வளவே. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 20 லட்சம் என்றாலே மொத்தம் 12 கோடி செல்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

செல் குறைவாகக் கிடைத்ததற்கும் சாப்பாட்டுக்கும் தொடர்பில்லை. லெனலிடோமைட் நல்ல மருந்து, ஆனால் நான்கு முதல் ஆறு சுற்றுக்கு மேல் நீண்டால் ஸ்டெம் செல் ரத்தத்துக்குள் இறங்கி வருவதை அது தடுக்கிறது. மைலோமா நோயாளிகளை நான்கு சுற்று முடிந்ததுமே சேகரிப்புக்கு அனுப்பி வைப்பதன் காரணம் இதுதான். வயது கூடுவதும், இடுப்பு அல்லது முதுகெலும்புக்குக் கதிர்வீச்சு கொடுத்திருப்பதும், முன்பே மெல்ஃபலான் மாத்திரை சாப்பிட்டிருப்பதும் எண்ணிக்கையைக் குறைக்கும். உங்கள் கடிதத்தைப் படிக்கும் மற்றவர்களுக்காக இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன்: மெல்ஃபலான் கொடுத்து ஸ்டெம் செல்லைத் திரும்ப ஏற்றும் இந்த மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையைச் செய்துகொள்ளும் எண்ணம் சிறிதளவு இருந்தாலும், சேகரிப்பு எப்போது என்ற கேள்வியை மூன்றாவது சுற்றிலேயே உங்கள் மருத்துவரிடம் எழுப்புங்கள். பணம் புரட்டவும், அறுவடை முடியவும், பிள்ளையின் கல்யாணம் முடியவும் என்று தள்ளிப்போடும் மாதங்களில் மாத்திரை மட்டும் தொடர்ந்துகொண்டே இருப்பதைத்தான் அதிகம் காண்கிறோம்.

உங்களுக்குப் போட்ட விலையுயர்ந்த ஊசி பிளெரிக்ஸஃபோர் ஆக இருக்க வேண்டும். மஜ்ஜைக்குள் ஸ்டெம் செல்லைப் பிடித்து நிறுத்தியிருக்கும் பிணைப்பை அது தற்காலிகமாக விடுவிப்பதால், சில மணி நேரத்துக்குள் செல்கள் ரத்தத்தில் பெருகுகின்றன. அமெரிக்காவில் 2008-இல் அனுமதி பெற்ற மருந்து. இப்போது இந்திய நிறுவனங்களும் தயாரிக்கின்றன. சேகரிப்புக்கு ஏறக்குறைய 11 மணி நேரத்துக்கு முன் போட வேண்டும் என்பதால்தான் இரவில் அழைத்துப் போடுகிறார்கள். அன்றிரவு வயிற்றுப்போக்கும் குமட்டலும் வருவது இயல்பு. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இதன் அளவைக் குறைக்க வேண்டும். முதல் நாள் கவுண்டைப் பார்த்துவிட்டுத் தேவையானவர்களுக்கு மட்டும் இதைப் போடும் வழக்கம் நம் ஊர்ப் பொருளாதாரத்துக்குப் பொருத்தமானது என்பது என் கருத்து. ஆனால் அப்படித் தேவைப்படலாம் என்பதையும் அதன் விலையையும் முன்கூட்டியே குடும்பத்திடம் சொல்லிவிட வேண்டும். இரவு ஏழு மணிக்கு நகையை அடகு வைக்க ஓடவிடக் கூடாது.

இதற்கும் செல் எண்ணிக்கை எழும்பாதவர்கள் உண்டு. இரண்டு முதல் நான்கு வாரம் ஓய்வு கொடுத்து, சைக்ளோஃபாஸ்ஃபமைட் என்ற கீமோவையும் சேர்த்து மீண்டும் முயல்வார்கள். அப்போதும் கிடைக்காவிட்டால் மருந்துகளைக் கொண்டே சிகிச்சையைத் தொடரலாம். மாதுளை சாப்பிடுவதில் தவறில்லை. பப்பாளி இலைச் சாறு மட்டும் வேண்டாம். மருந்துகளுக்கு நடுவே அது கல்லீரலில் என்ன செய்கிறது என்று யாரும் தேடிக்கொண்டிருக்க முடியாது.

கேள்வி: செல் எடுத்துக்கொண்டிருந்தபோது என் மனைவிக்கு உதடும் விரல் நுனியும் மரத்துப் போய், கை இழுத்துக்கொண்டது. பக்கவாதமோ என்று பயந்துவிட்டேன். செவிலியர் ஏதோ ஊசி போட்டதும் சரியாயிற்று. தினமும் ராகிக் களி சாப்பிடுகிறவருக்குச் சுண்ணாம்புச் சத்து எப்படிக் குறையும்? மைலோமாவில் கால்சியம் கூடும் என்றல்லவா முன்பு சொன்னார்கள்?
வாசகர், தேன்கனிக்கோட்டை

பதில்: ரத்தம் குழாய்க்குள் உறைந்துவிடாமல் இருக்க, இயந்திரத்தில் சிட்ரேட் என்ற திரவத்தைக் கலக்கிறார்கள். ரத்தம் உறைவதற்குக் கால்சியம் வேண்டும். அந்தக் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதன் மூலமே சிட்ரேட் உறைதலைத் தடுக்கிறது. திரும்பி வரும் ரத்தத்தோடு கொஞ்சம் சிட்ரேட்டும் உடம்புக்குள் வருவதால், ரத்தத்தில் தனித்துலாவும் கால்சியம் அந்த நேரத்துக்குக் குறைந்து, முதலில் உதட்டைச் சுற்றியும் பிறகு விரல் நுனிகளிலும் ஊசி குத்துவதுபோல் உணர்வு வரும். கவனிக்காமல் விட்டால் விரல்கள் இழுத்துக்கொள்ளும். இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்து, கால்சியம் குளுகோனேட் ஊசி கொடுத்தால் சரியாகிவிடும். வீட்டுக்கு வந்த பிறகு நீடிப்பதில்லை. உங்கள் மனைவிக்குப் போட்டது அந்த ஊசிதான் என்று ஊகிக்கிறேன்.

நோயின் தொடக்கத்தில் எலும்பு கரைந்து கால்சியம் கூடுவது வேறு, இது வேறு. ராகியில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருப்பது உண்மை, சேகரிப்பு நாளன்று காலையில் களியோ கூழோ பாலோ சாப்பிட்டுப் போவதும் நல்லதே. ஆனால் சில நிமிடங்களுக்குள் நிகழும் இறக்கத்தைச் சாப்பாட்டால் ஈடுகட்ட முடியாது. மறுநாளும் உட்கார வேண்டியிருந்தால், உதடு சிலிர்க்கத் தொடங்கிய உடனேயே சொல்லும்படி அவரிடம் கூறுங்கள். நம் வீட்டுப் பெண்களுக்குப் பொறுத்துக்கொள்ளும் பழக்கம் அதிகம். இந்த நாற்காலியில் அது உதவாது.

கேள்வி: என் மாமனாருக்குப் பல வருடங்களாக இடுப்பு வலி. எங்கள் பகுதித் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால் அதுதான் காரணம் என்று விட்டுவிட்டோம்; கடைசியில் மைலோமா என்று தெரிய வந்தது. இப்போது செல் எடுப்பதற்கான ஊசி போட்ட மூன்றாம் நாளிலிருந்து இடுப்பும் நெஞ்செலும்பும் தாங்க முடியாமல் வலிக்கின்றன. நோய் மறுபடி கிளம்பிவிட்டதா? மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கலாமா? ஒகேனக்கல்லில் எண்ணெய் தேய்த்துவிட்டால் ஆறும் என்கிறார்கள்.
வாசகி, பென்னாகரம்

பதில்: நோய் கிளம்பவில்லை. ஜி.சி.எஸ்.எஃப். ஊசி மஜ்ஜையை முடுக்கிவிடுவதால், மஜ்ஜை அதிகமுள்ள இடுப்பு, முதுகு, நெஞ்செலும்பு ஆகிய இடங்களில் விம்முவதுபோல் வலிக்கும். ஊசி நின்ற ஓரிரு நாட்களில் அடங்கிவிடும். பாராசிட்டமால் போதுமானது, அதையும் சூடு பார்த்துவிட்டுக் கொடுங்கள், ஏனென்றால் காய்ச்சலை அது மறைத்துவிடும். 100.4 டிகிரியைத் தொட்டால் மாத்திரையோடு நிறுத்தாமல் மருத்துவமனையை அழைக்க வேண்டும். டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளை மைலோமா நோயாளி எந்த நிலையிலும் தாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. இந்த நோய் வெளியிடும் புரதம் ஏற்கெனவே சிறுநீரகத்தைப் பதம் பார்த்துக்கொண்டிருக்கும் நிலையில், அந்த மாத்திரை மேலும் கெடுத்துவிடும். இடப்பக்க மேல்வயிற்றிலோ இடது தோள்பட்டையிலோ திடீரென்று கடும் வலி வந்தால் மட்டும் நேரத்தை வீணாக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இந்த ஊசியால் மண்ணீரல் வீங்குவதுண்டு, அது கிழிவது மிக அரிது என்றாலும் ஆபத்தானது.

எண்ணெய் தேய்ப்பு கூடவே கூடாது. மைலோமா எலும்பில் ஓட்டைகளை ஏற்படுத்தி வலுவிழக்கச் செய்யும் நோய். ஒகேனக்கல்லில் முதுகில் ஏறி மிதிக்காத குறையாகப் பிடித்துவிடுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்; முள்ளெலும்பு நொறுங்கி, கால்கள் செயலிழந்து போக அது ஒன்றே போதும்.

ஃபுளோரைடு பற்றி நீங்கள் எழுதியிருப்பது இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் பொதுவான துயரம். ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு மிகுந்த பகுதிகள் இங்கே பல. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைத் தீட்டி, 2013-இல் தொடங்கி வைத்தார்கள். அதனால் ஐம்பது வயதைக் கடந்தவர் முதுகு வலி என்றாலே ‘தண்ணீர்தான்’ என்று சொல்லிவிடுவது இங்கே பழக்கமாகிவிட்டது. எக்ஸ்ரேயில் இரண்டும் நேர்மாறானவை: ஃபுளோரைடு பாதித்த எலும்பு வழக்கத்தைவிட அடர்த்தியாகவும், மைலோமா பாதித்த எலும்பு ஓட்டையாகவும் தெரியும். வலியோடு ரத்தசோகையும், காரணமில்லாத களைப்பும், சிறுநீரகப் பழுதைக் காட்டும் கிரியேட்டினின் உயர்வும் சேர்ந்தால், தண்ணீரின் மேல் பழியைப் போடாமல் மைலோமாவுக்கான ரத்தப் பரிசோதனையைச் செய்யச் சொல்லிக் கேட்பது அவசியம்.

கேள்வி: செல்லை இப்போது எடுத்து வைத்துவிட்டு, நோய் திரும்பினால் பிறகு பார்த்துக்கொள்ளலாமா? எங்கள் பேரனின் தொப்புள்கொடி ரத்தத்தை ஒரு தனியார் வங்கியில் பணம் கட்டிச் சேமித்திருக்கிறோம். அது எனக்குப் பயன்படுமா?
வாசகர், ஓசூர்

பதில்: பயன்படாது. மைலோமா நோயாளிக்கு வேண்டியது அவருடைய செல்லேதான். தனியார் வங்கிகளில் தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிப்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் பரிந்துரைக்கவில்லை.

உங்கள் முதல் கேள்வி நியாயமானது, மருத்துவர்களுக்குள்ளேயே பேசப்படுவது. 2022-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், மூன்று மருந்துகளோடு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையும் உடனே பெற்றவர்களுக்கு நோய் தலைதூக்காமல் இருந்த காலத்தின் இடைநிலை அளவு 67.5 மாதங்கள், மருந்துகளை மட்டும் பெற்றவர்களுக்கு 46.2 மாதங்கள். ஆனால் மொத்த ஆயுளில், அந்த ஆய்வு பார்த்த காலம் வரையில், இரு தரப்பாருக்கும் வேறுபாடு தென்படவில்லை. ஆகவே தள்ளிப்போடுவது முற்றிலும் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஆய்வில் இரு தரப்பாருமே லெனலிடோமைட்டை நோய் திரும்பும் வரை இடைவிடாமல் சாப்பிட்டவர்கள். மாதாமாதம் மருந்து வாங்குவதே போராட்டமாக உள்ள குடும்பங்களுக்கு, நோய் அடங்கியிருக்கும் காலத்தை ஒரே மூச்சில் நீட்டித் தரும் சிகிச்சையை, உடல் தாங்கும் வயதில் முடித்துக்கொள்வதே மேல் என்று நான் கருதுகிறேன்.

தள்ளிப்போடுவதானால், மருத்துவமனையில் உறைநிலைச் சேமிப்பு வசதி இருக்கிறதா என்பதை முதலில் கேளுங்கள். டி.எம்.எஸ்.ஓ. என்ற திரவத்தைக் கலந்து, மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜனில் வைத்தால் செல்கள் பல ஆண்டுகள் கெடாமல் இருக்கும். ஏற்றும்போது அந்தத் திரவத்தால் அறை முழுவதும் பூண்டு வாடை அடிக்கும். நோயாளிக்கு அது தெரியாது, கூட இருப்பவர்தான் மூக்கைப் பிடித்துக்கொள்வார். இந்தியாவில் பல மையங்கள் உறைய வைக்காமல், சுமார் 4 டிகிரி குளிரில் இரண்டு மூன்று நாட்கள் மட்டும் வைத்திருந்து, உடனே மெல்ஃபலான் கொடுத்துச் செல்லை ஏற்றிவிடுகின்றன. செலவு குறைவு, பலனும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் அந்த முறையில் எடுத்து வைத்துவிட்டு ஊருக்குத் திரும்பும் பேச்சுக்கே இடமில்லை.

கேள்வி: முதல்வர் காப்பீட்டு அட்டையில் இது வருமா? கூட இருப்பவர் எத்தனை பேர் வேண்டும்?
வாசகி, ஊத்தங்கரை

பதில்: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்கு இடமுண்டு, ஆனால் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையாக இருக்க வேண்டும், சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே அனுமதி பெற வேண்டும். கிருஷ்ணகிரி அல்லது தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கோப்புகளோடு போய்க் கேளுங்கள். கிட்டத்தில் இருக்கிறதே என்று பெங்களூருக்குப் போகிறவர்கள், அங்கே இந்த அட்டை செல்லுமா என்பதை உறுதி செய்துகொண்டு கிளம்ப வேண்டும். புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் போகிறவருக்கும் உடன் செல்பவருக்கும் மருத்துவமனைச் சான்றின் பேரில் ரயில் கட்டணச் சலுகையும் உண்டு. கூட ஒருவர் இருந்தால் போதும். ஆனால் மெல்ஃபலான் கொடுத்த பிறகு தட்டணு ஏற்ற வேண்டியிருக்கும் என்பதால், கூப்பிட்டவுடன் பேருந்து ஏறி வரக்கூடிய ஆரோக்கியமான இளைஞர்கள் இரண்டு மூன்று பேரிடம் முன்பே சொல்லி வைத்திருங்கள்.

கேள்வி: அப்பா தீர்த்தமலைக்கு மொட்டை போடுவதாக வேண்டியிருக்கிறார். ஸ்டெம் செல் எடுத்த பிறகு போடலாமா?
வாசகர், அரூர்

பதில்: எடுப்பதற்கு முன்பே, ஊசிகள் தொடங்குவதற்கு ஒரு வாரம் இருக்கும்போதே, முடித்துவிடச் சொல்லுங்கள். இயந்திரத்தில் உட்கார்ந்து எழுந்த பிறகு தட்டணுக்களும் குறைந்திருக்கும். அந்த நேரத்தில் கத்தி பட்டால் ரத்தம் எளிதில் நிற்காது. கழுத்தில் குழாய் இருக்கும் நாட்களில் அருவியிலோ தீர்த்தத்திலோ தலை நனைக்கவும் கூடாது, குழாய் வழியாகக் கிருமி நேரே ரத்தத்துக்குள் போய்விடும். முன்கூட்டிப் போடும்போதும் சவரக் கத்திக்குப் பதிலாக மெஷினால் ஒட்ட வெட்டிக்கொள்வது பாதுகாப்பானது. கோயிலில் கத்திதான் என்றால், புதிய பிளேடு மாட்டச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.